முன்னோனும் பின்வந்தோரும்

மறைந்துபோன மகாகவி ஒருவனுக்குப் பின்வந்தோர் ஆற்ற வேண்டிய கடன் யாது? அவன் இருந்தபடியே அவனைப் பேணிக் காப்பதா, தம் காலத்தின் தாகத்துக்கேற்ப அவனை மீண்டும் சிருஷ்டித்துக்கொள்வதா? ருஷ்யக் கவிகள் நூறாண்டுக்கும் மேலாகப் புஷ்கினோடு கொண்டாடி வந்த உறவைப் படிக்குந்தோறும் இக்கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது.

1837-ஆம் ஆண்டு துவந்த யுத்தத்தில் குண்டடிபட்டு, 37-ஆம் வயதில் புஷ்கின் மாண்டபோது, அரசவைப் பிரபுக்களை நேராகக் குற்றஞ்சாட்டிக் கவிதை எழுதிய இளைஞர் லெர்மன்தவ் காக்கேஸியாவுக்கு விரட்டப்பட்டார். அன்று தொடங்கிய உறவு பின்னர் பக்தியாகவும் பிணக்காகவும் வளர்ந்தது. நவயுகக் கப்பலிலிருந்து புஷ்கினைத் தூக்கியெறிய வேண்டுமென்று 1912-ல் அறிக்கை விடுத்தவர்களுள் ஒருவரான மாயகோவ்ஸ்கியே, 1924-ல், மாஸ்கோவிலுள்ள அவரது சிலையைப் பீடத்தினின்றும் இறக்கி, நள்ளிரவில் தோழமையோடு அளவளாவுவதாகக் கவி பாடினார்.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது அலெக்ஸாந்தர் பிளோக்கிடந்தான். பசியும் குளிரும் வாட்டிய பெத்ரோகிராதில், 1921 பிப்ரவரியில், புஷ்கின் நினைவாக ஆற்றிய உரையில், கவியின் உயிரைக் கவர்ந்தது எதிராளியின் குண்டன்று, மூச்சுவிடக் காற்றில்லாமையே என்று அவர் சொன்னார். அந்த மூச்சுத்திணறல் யாருடையது என்பது கேட்டவர்களுக்கு விளங்காமல் இருந்திராது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, 40 வயதில், அவரும் மறைந்தார். தன் வேதனையை முன்னோன்மேல் ஏற்றிப் பேசுவது சரித்திரத்துக்கு இழைக்கும் துரோகமல்லவா என்று ஆக்ஷேபிக்கலாம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. எனினும், 1826 முதல் நிக்கோலஸ் சக்கரவர்த்தி தாமே புஷ்கினுக்குத் தணிக்கையாளராக அமர்ந்ததும், ரகசியப் போலீஸ் தலைவர் பென்கென்தோர்ஃபின் கண்காணிப்பிலேயே கவி இறுதிவரை வாழ்ந்ததும் ஆதாரமுள்ள செய்திகள். அவற்றை அறிந்தோர் பலர். அவை ஒரு மனிதனின் நெஞ்சை எவ்விதம் அடைத்திருக்கும் என்பதை உணர, அதே அடைப்பை அனுபவித்த ஒருவர் வரவேண்டியிருந்தது.

1937-ல், கவி மறைந்த நூற்றாண்டை ஸ்டாலின் அரசாங்கம் மகோற்சவமாகக் கொண்டாடி, அவர் படித்த ஸார்ஸ்கோயே ஸேலோவுக்கு அவர் பெயரையே சூட்டியது. அதே ஆண்டில், பிரான்ஸில் வறுமையோடு வாழ்ந்த மரீனா ஸ்வெதாயெவா, தாயின் அறையில் தொங்கிய துவந்த யுத்தச் சித்திரத்தையும், சிறுமியாக நாடிச் சென்ற கவியின் கருநிறச் சிலையையும் நினைவுகூர்ந்து, புஷ்கினைப் பற்றித் தாம் முதன்முதல் அறிந்த செய்தி அவர் கொல்லப்பட்டார் என்பதே என்று எழுதினார். ஆப்பிரிக்கக் கொள்ளுப்பாட்டனாரின் வம்சத்தில் உதித்த கவியின் கருமை, எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாத அந்தப் பெண்மணிக்கு ரத்த பாந்தவ்யமாயிற்று. அரசாங்க விழாவின் ஆரவாரம் முழுவதையும் அவரது இச்சிறு கட்டுரைக்கு ஈடாக வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆன்னா அக்மாத்தவாவோ, அதே ஸார்ஸ்கோயே ஸேலோவின் தோட்டங்களில் திரியும் மாணவனாகப் புஷ்கினை 1911-ல் பாடியவர். தம் கவிதைகள் அச்சேறாத நீண்ட ஆண்டுகளில் அவரை ஆராயத் தலைப்பட்டார். புஷ்கினின் பொற்சேவல் கதை வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்கரின் கதையிலிருந்து பிறந்தது என்று 1933-ல் நிறுவியதோடு, வாக்குத் தவறும் அரசனைப் பற்றிய அக்கதைக்குள் புஷ்கினுக்கும் சக்கரவர்த்திக்கும் இடையே மூண்ட கசப்பு ஒளிந்திருப்பதையும் எடுத்துக் காட்டினார். கல்விமான்கள் பலர் கடந்து சென்ற அந்த இடத்தில் அவருடைய கண் நிலைத்ததற்கு, வாய்விட்டுச் சொல்ல இயலாதவற்றை நாள்தோறும் உள்ளத்தே அடக்கி வாழ்ந்த அவர் வாழ்க்கையே காரணமென்று நான் நம்புகிறேன்.