உற்றவன் இசைவு: போதைநோய்ச் சிகிச்சையில் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் முதலிடம் பெறுபவன் மருத்துவன் அல்லன். மருந்தும் அவ்விடத்தைப் பெறவில்லை. நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டான். மருந்து 95ஆம் அதிகாரம். அதற்குச் சற்று முன்னதாக, 93ஆவதாக, கள்ளுண்ணாமை அமைந்துள்ளது. குடியைக் கடியும் அதிகாரமும் நோயாளனை முதல்வனாகக் கொள்ளும் அதிகாரமும் இவ்வளவு அணித்தாக இருந்தும், குடிக்கு அடிமையானவன் இவ்விரண்டில் எதற்கு உரியவன் என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. அவன் குற்றவாளியா, நோயாளனா? நோயாளன் எனின், எச்சிகிச்சையைப் பெறுவது என்பதைத் தெரிய வேண்டியவன் அவனா, பிறரா? தெரிவு செய்ய வேண்டிய உள்ளமே நோய்வாய்ப்பட்டிருக்கையில் அதன் இசைவுக்குப் பெறுமதி உண்டா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் உடையார்கட்டு. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வலயத்துள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை பெயர்ந்து, பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டு, அதன் பின்னரே தம் காணிகளுக்கு மீண்டனர். மீண்டோர் பலரது வீட்டில் இழப்பு இருந்தது. இழப்போடு குடியும் வந்து குடியமர்ந்தது. போரின் வடு தனியாளின் உள்ளத்தோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றி நிற்பது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு உளவடு பற்றிய தம் ஆய்வுகளில் எடுத்துக் காட்டியுள்ளார். மதுப்பழக்கத்தின் பெருக்கம் அவ்வடுவின் அடையாளங்களுள் ஒன்றாகும். கசிப்பும், கடல்வழி வந்திறங்கும் கேரளக் கஞ்சாவும் வன்னிக்கு இன்று புதிய பெயர்கள் அல்ல.

அத்தகைய ஊரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவன் நாள்தோறும் கசிப்பு அருந்துகின்றான். கூலிப்பணம் வீடு வந்து சேர்வதில்லை. மாலையானதும் பிள்ளைகள் அயல்வீட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். மனைவியின் முன் பல வழிகள் கிடப்பதாகத் தோன்றும். வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைக்கலாம். எவரோ விற்கும் பொடியைச் சோற்றில் இரகசியமாகக் கலந்து கொடுக்கலாம். உறவினரை அழைத்து அவனை அறையில் இட்டுப் பூட்டலாம். பொலிசில் முறையிட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புமாறு கேட்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். இவற்றுள் எதனைத் தெரிவது என்பது மருத்துவ வினா போலத் தோன்றினும், ஒவ்வொரு வழியும் அக்கணவனை யாராகக் கருதுகின்றது என்பதே அதனுள் மறைந்துகிடக்கும் அறவினா.

வற்புறுத்தலை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தனிமனித சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞரான ஜோன் ஸ்ருவார்ட் மில், 1859இல் வெளிவந்த தம் நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்கும் உரிமையைச் சுதந்திரத்தின் பெயரால் கோர முடியாது என்று வாதிட்டார். சுதந்திரத்தைத் துறக்கும் சுதந்திரம் சுதந்திரமாகாது என்பது அவர் கொள்கை. போதைக்கு அடிமையானவன் ஏற்கெனவே தன்னை விற்றுவிட்டவன் அல்லனோ? அவ்வாறாயின் அவனை வலிந்து மீட்பது அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது, திருப்பிக் கொடுப்பதேயாகும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவனிடம் இசைவு கேட்டுக்கொண்டு எவரும் கரையில் நிற்பதில்லை. இவ்வாறு அவ்வாதம் செல்லும்.

இவ்வாதத்தின் பிழை ஓரிடத்தில் உள்ளது. நோய்ப்பட்ட மனவுறுதியை அது இல்லாத மனவுறுதியாகக் கொள்கின்றது. குடிநோயாளன் நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பவன் அல்லன். மாலையில் கசிப்பை நாடிச் செல்லும் அதே மனிதன், காலையில் பிள்ளையின் முகத்தை நேரே நோக்க இயலாது தலைகுனிகின்றான். அக்காலை வேளையில் அவனிடம் இருப்பது மெலிந்த மனவுறுதியே. எனினும் அது அவனுடையது. கிரேக்கக் காவியத்தின் ஒடிசியஸ், கடற்கன்னியரின் பாடலைத் தன்னால் எதிர்க்க முடியாது என்பதை முன்னரே அறிந்து, தன்னைப் பாய்மரத்தோடு கட்டுமாறு மாலுமிகளைப் பணித்தான். பாடல் கேட்டபோது கட்டை அவிழ்க்குமாறு அவன் கெஞ்சினான், அவர்கள் அவிழ்க்கவில்லை. அவர்கள் செய்தது வற்புறுத்தலன்று. தெளிந்த நேரத்தில் அவன் தந்த கட்டளையை, தெளிவிழந்த நேரத்தில் அவனுக்காக அவர்கள் காத்தனர். கட்டப்பட்டவனே கட்டச் சொன்னவன் என்பதுதான் இங்கு முழு வேறுபாடும் ஆகும்.

இவ்வேறுபாடு ஒரே மருந்திலும் வெளிப்படக் காணலாம். டைசல்பிராம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பர். மாத்திரையை நிறுத்திய பின்னரும் இரு வாரங்கள் வரை இவ்விளைவு நீடிக்கலாம். வைத்தியர் விளக்கிக்கூற, கணவன் இசைந்து, மனைவியின் முன்னிலையில் அதனைக் காலைதோறும் விழுங்குவானாயின் அது அவனே தேர்ந்த பாய்மரம். அதே மாத்திரை அவனறியாது சோற்றில் கலக்கப்படுமாயின் அது நஞ்சூட்டலுக்கு அடுத்த படி. காரணம் அறியாது குடிப்பவன் தன் உடலில் நிகழ்வதை விளங்கிக்கொள்ளாது மேலும் குடிக்கலாம். இதயநோய் உள்ளவனாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். உள்ளடக்கம் இன்னதென்று எவரும் அறியாத பொடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உண்மை வெளிப்படும் நாளில் அவன் இழப்பது மனைவியின் கையால் உண்ணும் உணவின் மீதிருந்த நம்பிக்கையை. அந்நம்பிக்கையே அவன் மீள்வதற்கு இருந்த இறுதிப்பிடியாகவும் இருக்கலாம். எனினும் அப்பெண்ணைக் குறைகூறுதல் எளிது. அவளுக்கு எட்டிய தூரத்தில் வேறெவ்வழி இருந்தது என்று வினவுதலே கடினம்.

அறையில் இட்டுப் பூட்டுதல் அன்பினால் செய்யப்படினும் அறியாமையாகும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதலிரு நாட்களில் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் நடுக்கத்தோடு கூடிய சித்தப்பிரமையும் தோன்றலாம். சிகிச்சையின்றேல் அது மரணத்திலும் முடியலாம். உரிய மயக்கமருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்து வைத்தியசாலையில் கண்காணிக்கப்பட வேண்டிய நாட்கள் அவை. அறிவு குழம்பிய அந்நிலையில் வைத்தியர் இசைவுக்குக் காத்திராது செயற்படுவது நியாயமே. வெள்ளத்தில் வீழ்ந்தவன் உவமை பொருந்துவது இங்குத்தான். ஆயின் கரையேற்றியவனுக்கு, ஏறியவனைக் கட்டிவைக்கும் உரிமை அதனால் வந்துவிடாது. அறிவு தெளிந்தவுடன் தெரிவு மீண்டும் நோயாளனையே சேர்கின்றது.

புனர்வாழ்வு நிலையம் என்னும் வழி வன்னியில் தனிக் கவனத்துக்குரியது. சொற்களுக்கும் வரலாறு உண்டு. 2009இன் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் சென்ற இடத்துக்கு இடப்பட்ட பெயரும் புனர்வாழ்வே. அவர்கள் வைக்கப்பட்ட இடங்களுள் ஒன்றான பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு, பின்னர் போதைப்பொருளுக்கு அடிமையானோருக்குரிய நிலையமாயிற்று. அங்கு 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதே ஆண்டில் முன்வைக்கப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் போதைக்கு அடிமையானோரையும் முன்னாள் போராளிகளையும் ஒரே நிரலில் வைத்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனக் கண்ட பின்னர், திருத்தங்களோடு 2023இல் அது சட்டமாயிற்று. நோயாளனையும் தோற்ற தரப்பினனையும் ஒரே சொல்லால் அழைக்கும் அரசிடம், தன் மகனை ஒப்படைக்க உடையார்கட்டுத் தாயொருத்தி தயங்குவாளாயின் அதனை அறியாமை எனல் பொருந்தாது. ஒருவர் திரும்பி வருவாரா என்று முன்பு காத்திருந்த வாசலிலேயே அவளை மீண்டும் நிற்கச் சொல்வது அது.

இத்தயக்கம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, விருப்பின்பாற்பட்ட சிகிச்சையை அவற்றின் இடத்தில் அமைக்குமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 மார்ச்சில் கூட்டாக வேண்டின. இதற்கு அறநியாயத்தோடு உடற்கூற்று நியாயமும் உண்டு. ஹெரோயினுக்கு அடிமையானவர் சில மாதங்கள் அடைபட்டிருந்து வெளிவரும்போது உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், வேட்கை குறைந்திராது. பழைய அளவையே அவர் மீண்டும் எடுப்பாராயின் அது உயிரைப் பறிக்கும். பூட்டு உடலைத் தடுக்கும். உள்ளத்துக்கு ஒன்றும் கற்பிக்காது.

இங்கு எழக்கூடிய தடை ஒன்றுண்டு. கணவனின் இசைவு கனியும் வரை மனைவி அடிபட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஈண்டு இரு வினாக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மனைவி மக்களைக் காப்பது நீதியின்பாற்பட்டது. கணவனைக் குணப்படுத்துவது மருத்துவத்தின்பாற்பட்டது. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற அவளுக்கு உரிமை உண்டு. அதற்குக் கணவனின் இசைவு தேவையன்று. அவன் நோயாளன் என்பதும் அதற்குத் தடையன்று. செய்த தீங்குக்கு விளைவை எதிர்கொள்ள வைத்தல் ஒருவனை மனிதனாக மதிப்பதாகும். தண்டனைக்குச் சிகிச்சை என்று பெயரிடுதலோ நீதியையும் மருத்துவத்தையும் ஒருங்கே கெடுக்கும். வற்புறுத்தப்பட்டோருள்ளும் சிலர் மீண்டுள்ளனர் என்பது உண்மையே. அவர்கள் மீண்டது, இடையில் எங்கேனும் அவ்வழியைத் தமதாக ஏற்றுக்கொண்டமையால் எனல் பொருந்தும்.

அங்ஙனமாயின் தெரியத்தக்க வழி யாது? பொருளுக்கேற்ப மருந்து வேறுபடும். மது வேட்கையைத் தணிக்க நல்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உள்ளன. ஹெரோயினுக்கு மாற்றாக மெதடோன், புப்ரநோர்பின் என்பன உலகெங்கும் பயன்பட்டு மரணங்களைக் குறைத்துள்ளன. கஞ்சாவுக்கு அத்தகைய மாற்று மருந்து இன்மையால் உளவளத்துணையே முதன்மை பெறுகின்றது. ஆயினும் எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒன்றுண்டு: துணை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிநோயாளர் இருவர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதிலிருந்தே குடிநோயாளர் அநாமதேயச் சங்கம் பிறந்தது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், நோயாளருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் சிகிச்சையில் இடமளித்தது. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் அமைத்து, ஊராரின் துணையோடு ஊரிலேயே சிகிச்சை அளித்தது. வயலையும் ஊரையும் விட்டகலாது சிகிச்சை பெற இயலும் என்பதற்கு அது சான்றாகும். அம்மனிடம் வைக்கும் நேர்த்தியும், அவன் தானே வைப்பதாயின், எள்ளற்குரியதன்று. பலரறியத் தன்னைக் கட்டிக்கொள்ளும் பாய்மரமாக அதுவும் அமையலாம். வைத்தியசாலைக்கு மாற்றாக அன்றி, அதனோடு சேர்ந்து நிற்குமாயின் அது நன்றே.

தெரிவு என்னும் சொல் பொருள்பெற வேண்டுமாயின் தெரிவதற்குப் பல இருத்தல் வேண்டும். கூலிவேலை செய்பவனுக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம் ஒரு நாள் கூலி. கிளினிக்குக்குச் சென்றுவர இயலாதவனை நோக்கி, நீயே தெரிந்துகொள் என்பது அவன் சுதந்திரத்தைப் போற்றுவதன்று, அவனைக் கைவிடுவதே. ஒரே கதவு திறந்திருக்க, அதனூடே நுழைபவன் தெரிந்தான் என்று எவரும் சொல்லார். ஆதலின் இசைவைக் கோரும் அறம், இசைவதற்குரிய வழிகளை ஊரருகே அமைக்கும் கடமையையும் அரசின் மீதும் சமூகத்தின் மீதும் சுமத்துகின்றது.

இசைவு ஒரு நாளில் ஒப்பமிட்டு முடிவதுமன்று. மூன்று மாதம் குடியாதிருந்தவன் ஒரு பொங்கல் நாளில் தவறிவிடலாம். வற்புறுத்தலை நம்பியவர்க்கு அது தோல்வி. இசைவை நம்பியவர்க்கோ, மறுநாட் காலை அவனிடம் மீண்டும் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி அது. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் மூன்றினைப் பிறர் தரலாம். வைத்தியரை அரசு தரும்; மருந்தை வைத்தியசாலை தரும்; துணையைக் குடும்பமும் ஊரும் தரும். முதற்கூறாகிய உற்றவனைத் தரவல்லவன் அவன் ஒருவனே. அவன் வந்து சேரும் வரை ஏனைய மூன்றும் அணித்தே காத்திருத்தல் வேண்டும்.