ஊருணி வெட்டியவர்

செட்டிநாட்டில் ஊருணியை வெட்டி வைத்தவர் யாரென்று அதில் நீர் மொண்டவர் எல்லோரும் அறிந்ததில்லை. அறியாதவருக்கும் அது தாகம் தீர்த்தது. மருத்துவ ஆய்வும் அத்தகைய அறமே.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895–1948) அந்த அறத்தைச் செய்தவர். உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர், அந்நோயைத் தீர்க்க உதவும் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவுக்கு வழிகாட்டினார். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும், புற்றுநோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டும் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளின் விளைச்சலே.

இன்று காரைக்குடியில் ஒரு கர்ப்பிணித் தாய் வாங்கிச் செல்லும் சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. சுப்பாராவின் பெயர் இல்லை. அதனால் மாத்திரையின் பயன் குறைவதில்லை. அவருடைய பெருமையும் குறைவதில்லை.

தன் துயரத்தை நினைத்து அழுவது மனித இயல்பு. அதே துயரம் பிறருக்கு நேராமல் தடுக்க உழைப்பது மனிதத்தின் உயர்வு. நன்றியை எதிர்பார்க்கும் உதவி அறிந்தவரோடு நின்றுவிடும். எதிர்பாராத உதவியோ இன்னும் பிறவாதவரையும் சென்று சேரும். அத்தகைய உதவி செய்தவர்களை மறவாதிருப்பது நம் கடமை. அவர்களைப் போல உழைப்பதே நாம் செலுத்தும் நன்றி.