நரியா, பரியா?

பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி நாளாந்தம் வேலைக்கு ஓடலாமா? வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் பரிமாறும் வேளையில் எமது இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்டார். "இது வீண் ஆடம்பரம், தம்பி" என்றார்கள் பெரியவர்கள் சிலர். "இரவு வேலை செய்து நான் சேர்த்த காசு, அங்கிள்" என்றார் அவர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தபடியால் இங்கே அதனைச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

ஆசைப்படுவதே பாவம் என்று எமது சமயம் இல்லறத்தாருக்குச் சொல்லவில்லை. அறம், பொருள் என்பவற்றோடு இன்பத்துக்கும் இடம் வைத்த மரபு எமது. மேலும், நாம் வாழ்வது கார்ல்ஸ்ரூஹேயில். 1886 இல் மோட்டார் காருக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ், இன்று இந்நகரின் ஒரு பகுதியான மியூல்பூர்க்கில் 1844 இல் பிறந்தவர். பொறியியல் படித்ததும் இங்கேதான். 1888 ஓகஸ்ட் மாதம் அவருடைய மனைவி பேர்த்தா, கணவருக்குச் சொல்லாமல், ஆண் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் அந்த வண்டியில் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிறேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் போடுவித்தார். ஏற்றங்களில் வண்டியைத் தள்ளவேண்டி வந்தது. அந்தக் குறைகள் வெளியே வந்தபடியால்தான் மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. அழகு பார்த்து அல்ல, ஓடிப் பார்த்தே வண்டியின் உண்மை தெரிந்தது.

பாவித்த ஸ்போர்ட்ஸ் காரின் உண்மையும் அப்படித்தான். ஒரு காலத்தில் பெருவிலை விற்ற கார் பத்துப் பதினைந்து வருடங்களில் எமது கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிடுகிறது. ஆனால், கார் பழசாகிறதே தவிர, அதன் பாகங்களின் விலை பழசாவதில்லை. அகன்ற ரயர்களும் பெரிய பிறேக்குகளும் அன்றைய பெருங்காருக்குரிய விலையிலேயே இருக்கின்றன. அதே வகைக் கார்களின் விபத்துக் கணக்கைப் பார்த்துக் காப்புறுதிக் கட்டணம் கூடும். குளிர்காலத்தில் எஞ்சின் சூடாகுமுன்னே முடிந்துவிடும் சிறு ஓட்டங்கள் எஞ்சினைத் தேய்க்கும். வீதி உப்பு அடிப்பாகத்தைத் தின்னும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரியூஃப் பரிசோதனையும் வரும். வாங்கும் விலை ஒருநாட் செலவு. மிகுதி நாளாந்தச் செலவு.

இங்கே மாணிக்கவாசக சுவாமிகளின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னை அவர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். பகலில் அவற்றைப் பார்த்து அரசன் மகிழ்ந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் முன்பே நின்ற பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. திருவிளையாடலின் உட்பொருள் பெரிது. ஆயினும் இல்லறத்தார் அந்தப் பழைய குதிரைகளையும் சற்று நினைக்கலாம். புதிதாக வந்தது, வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் கடிக்கிறதா? அம்மாவின் சீட்டுக் காசையா, தங்கையின் படிப்பையா, ஊருக்கு அனுப்பும் பணத்தையா? கடிக்காவிட்டால் அது பரிதான். ஓடட்டும்.

விற்பவருக்கும் தர்மம் உண்டு. "எங்கட ஆள்தானே" என்ற நம்பிக்கையில் வருபவரிடம் பழைய விபத்தை மறைத்து விற்பது, அந்நியரிடம் மறைப்பதிலும் பெரிய பிழை. தனியார் விற்பனையில் பொறுப்பேற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தெரிந்தே குறையை மறைத்தவரை அந்த எழுத்துக் காப்பாற்றாது என்கிறது ஜேர்மன் சட்டம். எமது நகரிலேயே இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம், 2020 மே 25 ஆம் திகதி, பாவித்த வொக்ஸ்வாகன் டீசல் குடும்ப வண்டி ஒன்றை வாங்கியவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. புகை அளவை மறைத்த நிறுவனம் நல்லொழுக்கத்துக்கு மாறாக, தெரிந்தே தீங்கு செய்தது என்றும், காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கவேண்டும் என்றும் கூறியது. ஆனால், ஓடிய கிலோமீற்றர்களுக்குரிய தொகையைக் கழித்தே கொடுக்கச் சொன்னது. ஏமாற்றப்பட்டவரும் தாம் அனுபவித்ததற்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

அந்தக் கணக்கைப் பெரியவர்களாகிய நாமும் பார்க்கவேண்டும். கடன்பட்டு மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்தோம். அயலவர் கண்ணுக்காக நகை வாங்கினோம். அவற்றில் எத்தனை இரவில் நரியாகின என்பது எமக்குத்தான் தெரியும். நாம் சடங்கு மண்டபத்தில் செய்ததைத் தம்பி வீதியில் செய்ய விரும்புகிறார். அவரை மட்டும் ஆடம்பரக்காரர் என்று சொல்வது நியாயமாகாது.

ஆகவே தம்பிக்கு நாம் சொல்வது இதுதான். காரின் முழுச் செலவையும், மாதக் கணக்காக, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமானால் வாங்குங்கள். மறைக்கவேண்டியிருந்தால் வேண்டாம். இன்னொன்று: அந்தக் காரில் இருப்பவை இரண்டே இருக்கைகள். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகும் நாளில் அம்மாவும் அப்பம்மாவும் யாருடைய வண்டியில் வருவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பேர்த்தா அம்மையார் அன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாய் வீட்டுக்குத்தான் போனார்.