மறந்தவரின் உரிமை

காரைக்குடி செக்காலை சாலையில் ஒரு மருத்துவமனை வாசல். மகன் காரிலிருந்து இறங்கி, மறுபக்கம் வந்து கதவைத் திறக்கிறார். உள்ளே இருக்கும் ஆத்தாவுக்கு எங்கு வந்திருக்கிறோம் என்பது விளங்கவில்லை. முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறார். பின்னால் ஹாரன் ஒலிக்கிறது. காவலாளி வந்து, "அண்ணே, ஆளை இறக்கி விட்டுட்டு வண்டிய அங்கிட்டுப் போடுங்க" என்கிறார். அவர் தம் வேலையைத்தான் செய்கிறார். ஆனால் ஆத்தாவை வாசலில் விட்டுச் சென்றால், திரும்பி வரும்போது அவர் அங்கேயே இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. கூடவே கூட்டிப்போனால், அந்த நெரிசலுக்குள் மிரண்ட மனத்தோடு அவரை நடத்தி வரவேண்டும். மறதி நோய் புகுந்த வீடுகள் அனைத்தும் அறிந்த தவிப்பு இது.

அந்த வாசலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த ஓர் இடத்தை அவருக்கென ஒதுக்குவது சலுகையா, உரிமையா? சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, ஒருவரை எதைக் கொண்டு மனிதராக எண்ணுகிறோம் என்ற பெரிய கேள்வியை உள்ளே வைத்திருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதி நோயோடு வாழ்வதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வளவும் பத்தியுமாகப் பரந்த பெரிய வீடுகளில் முதியவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் செட்டிநாட்டில், இந்த எண்ணுக்கு முகங்களைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இருந்தும் அவர்களுடைய இயலாமை நம் கண்ணில் படுவதில்லை. கால் நடக்கிறது, கை அசைகிறது, முகம் சிரிக்கிறது. சக்கர நாற்காலிப் படம் வரைந்த கட்டத்தில் அந்தக் கார் நின்றால், 'இவருக்கு என்ன குறை?' என்று நம் பார்வை கேட்டுவிடுகிறது.

சட்டமும் தயங்கித்தான் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைகளில் டிமென்ஷியாவின் பெயர் இல்லை. நினைவும் முடிவெடுக்கும் திறனும் குலைவதை மனநோய்க்கான விளக்கத்தில் அது சேர்த்திருப்பதால், அந்தப் பக்கவாசல் வழியாகவே இவர்கள் உள்ளே வரவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தோ, கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கான தன் நீல அட்டையை 2019 ஆகஸ்டில் விரிவாக்கியது. அட்டை நோயாளியின் பெயரில் இருக்கும். ஓட்டுபவர் யாராக இருந்தாலும், நோயாளி உடன் வரும் பயணத்துக்கே அது செல்லும். காருக்கு வழங்கிய சலுகையாக இல்லாமல், துணையின்றி நகர முடியாத ஓர் உயிருக்கு அளித்த இடமாக அது அமைந்திருப்பதில் நமக்குப் பாடம் உண்டு.

அந்த அறம் நமக்கும் அந்நியமன்று. மாற்றுத்திறனாளியோடு துணையாக வருபவருக்கும் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, துணையும் பயணத்தின் ஒரு பாதி என்பதை ஏற்றுக்கொண்டது. அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, செட்டிநாட்டின் நகரத்தார் சமூகத்தினர் தங்கள் கோயில் கணக்கில் கணவனையும் மனைவியையும் சேர்த்தே ஒரு புள்ளியாக எண்ணினார்கள். தனி ஆள் மட்டுமே கணக்கின் அலகு அல்ல, ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கும் இருவரும் சேர்ந்து ஓர் அலகாக முடியும் என்ற தெளிவு அந்தக் கணக்கில் இருக்கிறது. மறதி நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும் நாம் ஏன் அப்படி எண்ணக்கூடாது? வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் விடவேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே சொல்கின்றன. மருத்துவமனையிலும் வங்கியிலும் பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக் கோயில்களிலும் அந்த இடம் இந்த இருவருக்கும் உரியது என்று ஏற்க, புதிய நிலம் எதுவும் தேவைப்படாது. நம் பார்வை சற்று விரிந்தால் போதும்.

உரிமைகள் பெரும்பாலும் கேட்பவர்களுக்கே கிடைத்து வந்திருக்கின்றன. குரல் எழுப்பியவர்கள், சான்று காட்டியவர்கள், தங்கள் பங்கு எது என்று அறிந்தவர்கள் அவற்றைப் பெற்றார்கள். ஆனால் தன் பெயரையும் வீட்டையும் பெற்ற பிள்ளையையும் மறந்துவிட்ட ஒருவர், தமக்கு ஓர் உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறார் என்பதால், அவர் சார்பில் இரவும் பகலும் விழித்திருந்து, தம் வாழ்வின் ஒரு பகுதியை அவருடைய நினைவாக மாற்றிக்கொண்டவரின் வாயிலாகத்தான் அந்த உரிமை பேச முடியும். அந்த வாயை அடைத்துவிட்டு நோயாளியிடம் நாம் எவ்வளவு இரக்கம் காட்டினாலும், அது அவரைச் சென்று சேராது. கேட்கத் தெரிந்தவனுக்குக் கொடுப்பது ஒழுங்கு மட்டுமே. கேட்கவே மறந்துபோனவருக்கு உரியதை, அவருக்காக நினைவில் வைத்திருந்து கொடுப்பதே நீதி.