ஒரே சிப்பி, இரண்டு உரு

செய்தான், உண்டான், தின்றான். மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் முடிந்துபோன வேலையைத்தான் சொல்கின்றன. ஆனால் காலம் காட்டும் எழுத்து ஒன்றில் த், ஒன்றில் ட், ஒன்றில் ற். எல்லாம் அக்கம்பக்கத்தின் வேலை. முன்னால் ண் இருந்தால் நாக்கு மேலே மடிந்து நிற்கிறது. அந்த இடத்தில் த் வராது, ட்தான் வரும். ன் இருந்தால் அதுவே ற் ஆகிறது. 'உண்தான்' என்று சொல்ல முயலுங்கள், நாக்கு இடறும். உரு மாறியது, வேலை மாறவில்லை. இதை மொழியியலில் அல்லோமார்ஃப் என்பார்கள். தமிழில் மாற்றுருபன்.

கனிமவியலிலும் அல்லோமார்ஃப் உண்டு. ஒரே பொருள் வெவ்வேறு படிகங்களாக உருவெடுத்தால் அங்கே அந்தப் பெயர். கால்சியம் கார்பனேட்டின் அணுக்களை ஒரு விதமாக அடுக்கினால் கால்சைட், இன்னொரு விதமாக அடுக்கினால் அரகொனைட். முதலாவதன் அடர்த்தி 2.71; இரண்டாவது ஏறத்தாழ 2.93, கொஞ்சம் கடினமும்கூட. கடல்நீரில் கலந்திருக்கும் மக்னீசியம் கால்சைட்டை எளிதில் வளரவிடாது. அதனால் அங்கே அரகொனைட் முந்திக்கொள்ளும். இங்கும் அக்கம்பக்கம்தான்!

ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி. அதன் ஓட்டில் வெளி அடுக்கு மங்கலான கால்சைட். உள் அடுக்கு பளபளக்கும் அரகொனைட்; முத்தும் அதுவேதான். ஒரே உயிர், ஒரே கடல், ஒரே சரக்கு. எந்த இடத்தில் எந்த உரு என்பதைச் சிப்பி தான் சுரக்கும் புரதங்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் ஒன்று, தன் மெல்லிய உடலைத் தொடும் பக்கம் வேறொன்று.

உங்களுக்கும் அலுவலகத்தில் ஒரு குரல், அம்மாவிடம் ஒரு குரல், பள்ளித் தோழனிடம் இன்னொரு குரல். 'இதில் உண்மையான நான் யார்?' என்று ஏதோ ஓர் இரவில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மூன்றும் நீங்கள்தான். இன்று மேலாளர் அறையில் கறாராகப் பேசிவிட்டு வெளியே வருகிறீர்கள், வீட்டிலிருந்து குழந்தை போனில் கூப்பிடுகிறது, உங்கள் குரல் சட்டென்று குழைகிறது. அதை நடிப்பு என்று எண்ணிக் கூசாதீர்கள்.