இலையில் எஞ்சிய சோறும் காணாத இம்சையும்

புலால் மறுத்தல் நம் குலத்தார்க்கு வழிவழியாக வந்த ஒழுக்கம். அதனாலேயே, உணவைப் பற்றிய அறக்கணக்கு அத்துடன் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுதல் தகுமா?

புவியை வெப்பமாக்கும் வாயுக்களுள், மனிதச் செயலால் எழுவனவற்றில் நூற்றுக்கு 26 பங்கு உணவினால் எழுவது என்று, 119 நாடுகளின் பண்ணைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விளைவித்தல், பதப்படுத்துதல், கொண்டுசெல்லுதல் யாவும் அதில் அடங்கும். அதில் இறைச்சியின் பங்கு பெரிது, அப்பங்கு நம்முடையதன்று. ஆயினும், நீர் தேங்கிய நெல்வயலின் காற்றுப் புகாத சேற்றிலும், அசைபோடும் பசுவின் வயிற்றிலும் மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 4 கிலோவும், ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 3 கிலோவும் கரியமில வாயுவுக்கு நிகரான வாயுக்கள் வெளிப்படுகின்றன. சோறும் பாலும் நெய்யும் நம் இல்லத்து உணவுகள் அல்லவா?

"அப்படியாயின் எதைத்தான் உண்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. உடம்போடு வாழும் இல்லறத்தான் இம்சையை முற்றும் ஒழிக்க இயலாது என்பதை அறிந்தே நம் ஆசாரியர்கள் அவனுக்கு அணுவிரதங்களை வகுத்தனர். அவற்றுக்குத் துணையாக, பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் அநர்த்த தண்ட விரதத்தையும் வைத்தனர். தவிர்க்க இயலாதது வேறு. தவிர்த்திருக்கக் கூடியது வேறு.

2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளில் வீணானது. உண்ட சோறு ஒருவர் பசியையாவது தீர்த்தது. எறிந்த சோறோ வயலில் ஒருமுறை மீத்தேனை எழுப்பி, குப்பைமேட்டில் அழுகி மறுமுறையும் எழுப்புகிறது. எவர் பசியையும் தீர்க்காத இத்தீங்கு அநர்த்தம் அன்றி வேறென்ன?

"வயலும் பால்பண்ணையும் ஆலையும் என்னுடையவை அல்லவே" என்று ஒதுங்கவும் இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையிலும் வினை சேரும் என்பது நம் அறநெறி. வாங்குவோர் இன்றி எத்தொழிலும் நடவாது.

செய்யத்தக்கவை எளியவையே. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நெல் பயிரிடும் நம் அன்பர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடலாம். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சும் இம்முறையால், மீத்தேன் ஏறத்தாழ பாதி வரை குறையக்கூடும், நீரும் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயலாகாது. இல்லங்களில் பாலையும் நெய்யையும் தேவையறிந்து வாங்கலாம்.

திருமண விருந்தில்தான் நமக்குச் சோதனை. இலை நிரம்ப இடுவதே மதிப்பு என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. விருந்தினர் கேட்டபின் இடுவது உபசாரத்திற்குக் குறைவாகாது. அடுத்த விருந்தில் மடிக்கும் முன் நம் இலையை ஒருமுறை பார்ப்போம். அறியாதபோது செய்தது பிழை. அறிந்தபின்னும் செய்வது வினை.