அம்மனும் ஊசியும்

1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது பிளேக் மாரியம்மன் வழிபாடு வேரூன்றியது. நோயே அம்மன் வருகை என்றால், தடுப்பூசி போடுவது அவளை எதிர்ப்பதாகுமா?

அந்த ஊசியைப் பம்பாயில் உருவாக்கிய ஹாஃப்கின், 1897 ஜனவரி 10 அன்று அதைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். அதைத் தயாரிக்க, இறைச்சிச் சாற்றில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அவற்றின் அடியில் பிளேக் கிருமிகள் ஆலம் விழுதுபோலத் தொங்கி வளர்ந்தன. பிறகு அவற்றைச் சூடாக்கிக் கொன்றார். செத்த கிருமியை உடம்பு அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே காப்பது உடம்பின் சொந்த ஆற்றல். ஊசி அதைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவே. அந்த ஆற்றல் அம்மன் தந்தது என்று நம்புகிறவருக்கு இதில் முரண் ஏதுமில்லை. பெங்களூர் தியாகராஜநகரில் பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் பூசை நடக்கிறது.